பொருத்தம் பார்த்த சாட்போட்

தர்மபுரத்துப் பிரேமிளா வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவள். முதலில் கமக்காரர் அமைப்புக்கு ஒரு சாட்போட் செய்து கொடுத்தாள். எந்த மண்ணுக்கு எந்த விதைநெல் என்று கைபேசியில் கேட்டால் அது தானாகவே பதில் எழுதும். அதைக் கண்டு, கலியாணத் தரகு பார்க்கும் சிவனேஸ்வரி அக்காவும் தனக்கொன்று கேட்டார். புதிதாகத் தொடங்கப் பஞ்சிப்பட்ட பிரேமிளா, நெல்லுக்கு எழுதிய கோப்பின் தலைமாட்டிலேயே கலியாணத்தையும் எழுதிவிட்டாள்.

பிரித்து வைக்கும்படி கணவன் செந்தூரன் சொல்லிப் பார்த்தான். எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தால்தான் தனக்குக் கைக்கெட்டும் என்றாள். அலுமாரியில் அவளுடைய சேலைகளுக்கு நடுவே சமையலறை மா போட்டுவைக்கும் தகரப்பேணி இருப்பதை அறிந்தவன், அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

சாட்போட் ஓடத் தொடங்கிய அன்றே, கனகராயன்குளத்துத் தாய் ஒருவர் தாதி வேலை செய்யும் ஒரு பெண்ணின் விபரத்தைப் பார்த்து, தன் மகனுக்குப் பொருத்தமா என்று கேட்டிருக்கிறார். பதில் உடனே போனது: “நல்ல இனம். வெள்ளத்தில் நின்றாலும் சாயாது. மூன்று மாதத்தில் அறுவடை செய்யலாம்.”

சிவனேஸ்வரி அக்கா ஸ்கூட்டியை முற்றத்தில் நிறுத்தினபடியே கேட்டார்.

“பிள்ளை, மூண்டு மாசத்தில என்னத்தையடி அறுக்கிறது? அந்த மனிசி என்னை நாக்கைப் புடுங்கிற மாதிரிக் கேட்டுப்போட்டா.”

கோப்பைத் திறந்த பிரேமிளாவுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. நெல்லுக்கும் கலியாணத்துக்கும் ‘பொருத்தம்’ என்று ஒரே பெயரில் கட்டளை வைத்திருந்தாள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் கணினி பின்னால் உள்ளதைத்தான் எடுக்கும். பின்னால் இருந்தது நெல்.

வேறு வழியில்லாமல் நெல்லைத் தனித் தொகுப்பாகவும் கலியாணத்தைத் தனித் தொகுப்பாகவும் பிரித்தாள். அதோடு முடியவில்லை. சாட்போட் எடுத்த எடுப்பிலேயே சாதகம் கேட்கிறது, மரியாதை தெரியவில்லை என்று சிவனேஸ்வரி அக்கா திரும்பவும் குறைப்பட்டார். பிரித்தபோது வணக்கம் சொல்லும் வரி நெல்லோடு போய்விட்டிருந்தது. வணக்கம், நன்றி, மன்னிக்கவும் மூன்றையும் ‘பொது’ என்ற இன்னொரு தொகுப்பில் போட்டு, முதல் ‘மன்னிக்கவும்’ஐக் கனகராயன்குளத்துக்கு அனுப்பினாள்.

அதற்குள் அங்கே நிலைமை மாறியிருந்தது. மகன் அந்தப் பதிலைப் படித்துவிட்டு, “எனக்கு வெள்ளத்தில சாயாத ஆள்தான் வேணும் அம்மா” என்று பிடிவாதமாக நின்றுவிட்டான். பெண்ணும் விஷயம் கேள்விப்பட்டு, பெடியன் வறட்சி தாங்குவாரோ என்று விசாரித்தாளாம்.

கலியாணம் நடந்தது. சாதகம் அப்படிப் பொருந்தியது என்று சிவனேஸ்வரி அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பிரேமிளாவிடம் அதற்குள் மாட்டு வைத்தியர் ஒருவர் சாட்போட் கேட்டு வந்திருந்தார். அவருக்கு ஒரு வரி எழுதுமுன்னரே புதிதாகத் தனித் தொகுப்பு ஒன்றைத் திறந்துவிட்டாள்.