கிணற்று மோட்டார் ஓடாத மூன்று நாள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் கிணற்று மோட்டார் மக்கர் பண்ணியது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் கன்ட்ரோலர் பெட்டியில் விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். சேக்காட்டில் எங்கள் தெருவில் பாதிப் பேர் லாரித் தண்ணீரில் காலம் தள்ளுகிறார்கள். எங்கள் கிணற்றிலோ தண்ணீர் நிறையக் கிடந்தது. வாளி விட்டு இறைக்கலாம் என்றால், குப்பை விழுகிறது என்று சிமென்ட் பலகை போட்டு மூடிய புத்திசாலி நான்தான். எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

எலக்ட்ரீஷியன் வந்தார். பெட்டியில் நான் வைத்திருந்த சந்தனத்தைப் பார்த்து, "பொட்டு அழியாம தொறக்கிறேண்ணா" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. கண்டன்சரை மாற்றினார். ஓடவில்லை. மறுநாள் ரிலேயை மாற்றினார். அப்போதும் ஓடவில்லை.

"மோட்டாரு நல்லாத்தான் கீதுண்ணா. பொட்டிய மாத்திடலாம்."

"ரெண்டு நாளா இன்னாத்த பாத்துகினு இருந்தே? தொழில் தெரியுமா, தெரியாதா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சூட்டோடு உள்ளே போனேன். பக்கத்து வீட்டிலிருந்து தூக்கி வந்த வாளி கழிவறையில் காலியாக இருந்தது. "ஒரு தடவைக்கு ஒரு பக்கெட்டாப்பா?" என்று அப்பா மீதும் பாய்ந்தேன்.

மூன்றாம் நாள் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கி எறியத்தான் போனேன். அப்போதுதான் கவனித்தேன். மோட்டாரை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் உள்ளே அமுங்கிக் கிடந்தது. அதன் மேல் நான் அப்பிய சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பொத்தானை வெளியே வரவிடாமல் பிடித்திருந்தது. பொட்டு அழியக்கூடாது என்று எலக்ட்ரீஷியனும் அதைத் தொடவில்லை. ஊசியால் சுரண்டினேன். பொத்தான் வெளியே வந்தது. பச்சையை அழுத்தியதும் மோட்டார் ஓடியது. அதுவரை ஊரையெல்லாம் திட்டிய வாயால் என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்பாவிடம் சொல்லப் போனேன். அவர் உதடு வெடித்திருந்தது. காலையில் நான் நிரப்பி வைத்த பாட்டில் அப்படியே இருந்தது.

"ஏம்ப்பா குடிக்கல?"

"குடிச்சா அடிக்கடி போவணும். நீதானே தண்ணி தூக்கினு வர்றே நைனா."

"மோட்டாரு ஓடுதுப்பா" என்று தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"டேங்க் ரொம்பட்டும்" என்றார்.