கொல்லைக் கதவைத் தட்டிய துரைசாணி

போன வாரம் வேலூர் லாங் பஜாரில் ஒரு பித்தளைச் செம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர் என் தோளைத் தட்டினார்.

“சார், உங்க ஊர் வெள்ளைக்காரம்மாவுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தது நீங்கதானே?”

“ஆமாம்” என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

“நேத்து காட்பாடி ஸ்டேஷன்ல பார்த்தேன். போர்ட்டரைப் பார்த்து, ‘இன்னாய்யா பேஜார் பண்றே, பொட்டிய மெதுவா வையி’ன்னு சத்தம் போடுறாங்க! ஒரு வாத்தியார் சொல்லிக் குடுக்கிற தமிழா சார் இது?”

நடு பஜாரில் நின்று சொல்லி முடிக்கிற கதையா அது? அவரிடம் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

ஆம்பூரிலிருந்து ஜட்கா வண்டியில் ஒரு மணி நேரம் போனால் எங்கள் ஊர். ஊரின் ஒரு கோடியில் பாலாறு. ஆற்றோரமாக வரிசையாகத் தோல் பதனிடும் டேனரிகள். அங்கேதான், நாலு வருஷத்துக்கு முன்னால், மிஸ் கார்லா வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு குடை. அவருடைய நாட்டில் நர்ஸாக இருந்தவராம். கப்பலேறி இவ்வளவு தூரம் வந்தவருக்கு ஊருக்குள் ஒரு வீடு கிடைக்கவில்லை. யாரும் தரவில்லை என்பதுதான் சரி. கடைசியில், டேனரிக்காரர் ஒருவர் தோல் பதனிடும் ஆவாரம்பட்டையை அடுக்கி வைத்திருந்த பழைய கிடங்கைக் காலி பண்ணிக் கொடுத்தார். எங்கள் வீட்டுக் கொல்லைக்கு நேர் எதிரே.

பள்ளிக்கூடம் விட்டதும் போய், தினம் ஒரு மணி நேரம் தமிழ் சொல்லிக் கொடுப்பேன்.

முதல் இரண்டு மாதம் அவர் பட்ட பாடு இருக்கிறதே! பச்சைத் தோலும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த வாடை எங்களுக்கே சில நாள் தலையைச் சுற்றும். அவர் சென்ட் தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே பாடம் படித்தார். நடுநடுவே எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, “தொடருங்கள் முன்ஷி” என்பார். மொழி வாத்தியாரை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மூன்றாவது மாதம் கைக்குட்டையைக் காணோம்.

“பழகிவிட்டதா?” என்று கேட்டேன்.

“இல்லை. டேனரியில் வேலை செய்யும் பெண்கள் என்னோடு பேசும்போது மூக்கை மூடுவதில்லை. நான் மூடினால் அவர்கள் மனம் வருந்தும்” என்றார், நான் சொல்லிக் கொடுத்த சுத்தமான தமிழில்.

அந்தச் சுத்தமான தமிழால்தான் வம்பு வந்தது. டேனரியில் வேலை செய்யும் முனுசாமியின் மனைவி செல்லம்மா தலையில் கூடையோடு போய்க்கொண்டிருந்தாள். அவளை நிறுத்தி, “அம்மணி, தங்கள் குழந்தைகள் நலமாக உள்ளனரா?” என்று கேட்டிருக்கிறார். செல்லம்மா பயந்து இரண்டடி பின்னால் போய், என்னிடம் ஓடிவந்தாள்.

“வாத்யாரே, இந்தத் தொரசாணி இன்னா பாஷை பேசுது?”

அன்றே மிஸ் கார்லா முடிவு கட்டிவிட்டார். எழுதப் படிக்க நான், பேச செல்லம்மா! காலையில் அவள் வீட்டு வாசலில் போய்க் குந்திக்கொண்டு, கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்வார். ஆறே மாதம்... என் இலக்கணம் எல்லாம் பாலாற்றோடு போய்விட்டது.

ஊர் சும்மா இருக்குமா? ஒரு நாள் மளிகைக்கடைக்காரர் நேருக்கு நேராகக் கேட்டே விட்டார்: “மதம் மாத்தத்தானே வந்திருக்கீங்க?”

“ஆமா. என் சாமியைப் பத்திச் சொல்லத்தான் வந்தேன். உனக்கு இஷ்டம்னா கேளு, இல்லாட்டி வேணாம். அந்தக் கால் புண்ணை மட்டும் காட்டிட்டுப் போ.”

ஒளிவுமறைவு கிடையாது. பிடிவாதம் உண்டு. உடம்புக்கு ஆகாது என்று, காப்பி குடிப்பதற்காக என்னை அவர் திட்டாத நாள் கிடையாது. என் நெற்றியில் விபூதி இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால், அந்த அம்மாளிடம் எனக்கு மரியாதை வந்தது எந்த நாளில் என்று கேட்டால், சரியாகச் சொல்லிவிடுவேன்.

சித்திரை மாதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நானும் என் மனைவி காமாட்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கொல்லைக் கதவை யாரோ இரண்டு கையாலும் அடித்தார்கள்.

போய்ப் பார்த்தேன். கதவின் மேல்பாதி திறந்திருந்தது; கீழ்ப்பாதிக்குத் தாழ்ப்பாள். வெளியே மிஸ் கார்லா, தலையெல்லாம் கலைந்து நிற்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு முனுசாமி. முகம் முழுக்க வெள்ளை. இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, “ஐயோ எரியுதே... எரியுதே...” என்று துடிக்கிறான். பின்னால் செல்லம்மா, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு.

சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுக்கும்போது கால் வழுக்கி, சுண்ணாம்பு முகத்தில் அடித்துவிட்டது. அந்த அம்மாள் வீட்டில் இருந்ததே இரண்டு குடம் தண்ணீர். அதை ஊற்றித் தீர்த்தாகிவிட்டது. ஆறு வறண்டு மணலாகக் கிடக்கிறது; டேனரிக் கிணறும் வற்றிவிட்டது. பக்கத்தில் தண்ணீர் இருக்கிற ஒரே கிணறு எங்கள் கொல்லைக் கிணறு.

முனுசாமியின் தெருக்காரர்கள் அந்தக் கிணற்றடிக்கு வந்ததே இல்லை. வர விட்டதில்லை.

“கதவைத் தொற வாத்யாரே! தண்ணி வேணும்!” என்று கத்தினார் மிஸ் கார்லா.

நான் என்ன செய்தேன்? தாழ்ப்பாளில் கை வைத்தேன். கை அங்கேயே நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் அந்தக் கிணற்றில்தான் சேந்துகிறார்கள். என்ன சொல்வார்கள்? பள்ளிக்கூடக் கமிட்டி என்ன சொல்லும்? பெண்ணுக்கு வேறு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்... எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதன் கண் வெந்துகொண்டிருந்தபோது நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“நீங்கள் அங்கேயே இருங்கள். நானே சேந்திக் கொண்டுவந்து கொடுக்கிறேன்” என்றேன்.

“எத்தினி கொடம் கொண்ணாருவே? ஒரு மணி நேரம் ஊத்தணும்யா! நிறுத்தினா கண்ணு போய்டும்!”

அப்போது என்னை யாரோ பக்கவாட்டில் தள்ளினார்கள். காமாட்சி. எச்சில் கையைக்கூடக் கழுவவில்லை.

“நகருங்க” என்றாள். இடது கையால் தாழ்ப்பாளை இழுத்தாள். “உள்ளே அழைச்சுட்டு வாங்கம்மா.”

துவைக்கிற கல் மேல் முனுசாமியைப் படுக்க வைத்தார்கள். மிஸ் கார்லா தரையில் மண்டி போட்டு, விரலால் இமையை விரித்துப் பிடித்து, ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பஞ்சால் துடைத்து எடுத்தார். காமாட்சி கையைக் கழுவிக்கொண்டு வந்து தண்ணீர் சேந்தினாள். செல்லம்மா செம்பு செம்பாக ஊற்றினாள். அவன் திமிறினான். “இருப்பா, இருப்பா... கண்ணு தொறந்தே வையி... இன்னும் கொஞ்சம்தான்” என்று அந்த அம்மாள் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். என் புத்தகத் தமிழ் அந்தக் கல் மேல் எதற்கு உதவியிருக்கும்? சொல்லுங்கள்.

காமாட்சிக்குக் கை ஓய்ந்தபோது, கயிற்றை நான் வாங்கிக்கொண்டேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த காரியம்.

சாயங்கால ரயிலில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு கண் முழுதாகத் தப்பியது. இன்னொன்றில் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் மட்டும் தெரியும். “இவ்ளோ தண்ணி ஊத்தலேன்னா ரெண்டுமே போயிருக்கும்” என்றார் டாக்டர்.

மறுநாளே மூன்று வீட்டுக்காரர்களும் எங்கள் கிணற்றுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். மளிகைக்கடைக்காரர் வந்து, “கிணத்துக்கு ஒரு சாந்தி பண்ணிடுங்க சார், எல்லாம் பழையபடி ஆயிடும்” என்று நல்லதனமாகவே சொன்னார். நான் தலையைச் சொறிந்தேன். காமாட்சி உள்ளேயிருந்து பதில் கொடுத்தாள்: “கிணத்துக்கு ஒண்ணும் ஆகலை. நல்லாத்தான் ஊறுது.”

சேதி மிஸ் கார்லா காதுக்கும் போயிற்று. நேராக வந்தார். “என்னால உங்களுக்குத் தொல்லை. மன்னிச்சிடுங்க” என்றார். நிமிர்ந்து, “ஆனா, நாளைக்கே ஒருத்தனுக்கு அப்படி ஆச்சுன்னா, மறுபடியும் உங்க கதவைத்தான் தட்டுவேன்” என்றும் சொன்னார்.

“தட்டவே வேணாம்” என்றாள் காமாட்சி.

அன்றிலிருந்து அந்தக் கதவுக்குப் பகலில் தாழ்ப்பாள் இல்லை. செல்லம்மாவும் அவள் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் குடத்தோடு வருகிறார்கள். முதல் நாள் கிணற்றடிக்கு வராமல் கதவருகிலேயே தயங்கி நின்றார்கள். மிஸ் கார்லா தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்களுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றார். “போங்க, வெயில் ஏறுது” என்றார். அவ்வளவுதான். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. மூன்று வீட்டில் இரண்டு வீட்டுக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ஊரில் இப்போது சில பேர், வாத்தியார் ரொம்ப தைரியசாலி என்று என்னைப் புகழ்கிறார்கள்... காமாட்சிதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.