வெள்ளைச் சேலையும் அம்மாவின் பொட்டும்

அம்மா சட்டம் படிக்க முடிவெடுத்தது நீதிமன்றத்தில்தான். எங்கள் வழக்கைப் பேசிய சட்டத்தரணி அப்பாவை "காலஞ்சென்ற தவராசா" என்றார்.

அப்பா இறந்தவர் அல்லர். போரின் கடைசிக் கிழமை, பெயர் பதிய வேண்டும் என்று இராணுவத்தினர் அவரை அழைத்துப் போனார்கள். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தகவல் இல்லை. அவரைத் தேடித்தான் அந்த வழக்கே. சட்டத்தரணி வாய் தவறிச் சொல்லியிருக்கலாம். அம்மா எழுந்து மறுக்கப் பார்த்தார். கட்சிக்காரர் இடையில் பேசக்கூடாது என்று இருத்திவிட்டார்கள்.

முல்லைத்தீவிலிருந்து திரும்பும் பேருந்தில் அம்மா என்னிடம் சொன்னார்:

"அங்க வாய் திறக்கிறதுக்குக் கறுப்புக் கோட்டு வேணுமாம், தம்பி. நான் எடுக்கிறன்."

எனக்கு எட்டு வயது. தங்கை யதுர்ஷிகாவுக்கு நான்கு. அம்மா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வேலையை விட்டார். சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சையில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறி, கொழும்புக்குப் போனார். எங்களை வவுனியா நெளுக்குளத்தில் அப்பாவின் அக்கா நாகேஸ்வரி மாமியிடம் விட்டார்.

மாமி எங்களைப் பட்டினி போடவில்லை. ஆனால் ஒவ்வொரு கோப்பை சோற்றோடும் ஒரு வார்த்தை வந்தது. "பெத்தது அவள், வளர்க்கிறது நான், கோட்டுப் போடப்போறது ஆர்?"

விடுமுறைக்கு வந்தால் அம்மா குசினியில் நின்றபடி சட்டப் பிரிவுகளை உரத்துப் பாடமாக்குவார். நெடுங்காலம் செய்தி இல்லாத ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று ஒரு பிரிவு உண்டு. அதைத் தங்கை பாட்டுப் போலப் பிடித்துக்கொண்டாள். சாப்பிடும்போது அம்மாவுக்கே பிழையில்லாமல் ஒப்புவித்தாள். அம்மா அடுத்த வாய்ச் சோற்றை ஊட்டினார். அதன் பிறகு எங்கள் முன்னால் சத்தமாகப் படிக்கவில்லை.

என் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வருவதாகச் சொன்னார். வரவில்லை. எனக்கு அம்மா தேவைப்பட்ட வருடங்களில் அப்பாவுக்குச் சட்டத்தரணி தேவைப்பட்டது. அந்தக் கணக்கில் நான் தோற்றேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

படிப்பு முடிந்து சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்ய வெள்ளைச் சேலை வேண்டும். அம்மா ஒன்று வாங்கி வந்தார். மாமி அதைத் தொடவில்லை.

"நீ வெள்ளை உடுத்து இந்த வாசலால இறங்கினால், என்ர தம்பி செத்துப்போனான் எண்டு நீயே ஊருக்குச் சொன்ன மாதிரி."

"அது கோர்ட்டு உடுப்பு, மச்சாள்."

"ஊருக்கு அது தெரியாது."

அம்மா கண்ணாடி முன்னால் போய்க் குங்குமத்தை எடுத்து, வழக்கத்தைவிடப் பெரிதாகப் பொட்டு வைத்தார். அதோடு இறங்கிப் போனார். பிறகு நீதிமன்றம் போன எல்லா நாளும் வெள்ளைச் சேலை, கறுப்புக் கோட்டு, அந்தப் பெரிய பொட்டு.

வவுனியா நீதிமன்றத்தில் இளம் சட்டத்தரணி ஒருவர் பகிடி விட்டாராம்: "என்ன அக்கா, கலியாண வீட்டிலயிருந்து நேர வாறியளோ?"

"ஓம். மாப்பிள்ளை வரத்தான் சுணங்குது" என்றாராம் அம்மா.

அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் கணவனைத் தேடும் பெண்கள். அம்மா எழுந்து நின்றால் முதல் வசனம் எப்போதும் ஒன்றுதான்: இவருடைய கணவர் காணாமற்போனவர்; இறந்துவிட்டார் என்பதற்குச் சான்று இல்லை. அப்பாவின் வழக்கில் ஒரு நீதிபதி மாறிப் போவார், அடுத்தவர் வருவார், வழக்கு இன்னொரு திகதிக்குத் தள்ளிப்போகும். அது இன்னும் முடியவில்லை. அம்மா முடிந்துவிட்டார். இந்த மாரிகாலத்தில், டெங்கு.

கொழும்பில் எனக்கு மின்பொறியியலாளர் வேலை. செய்தி கேட்டு நான் வந்து சேர்ந்தபோது மாமி அம்மாவுக்கு வெள்ளைச் சேலை எடுத்து வைத்திருந்தார். நீதிமன்றச் சேலை அல்ல, கரையில்லாத புதுச் சேலை. நெற்றியில் திருநீறு மட்டும். நான் அலுமாரியைத் திறந்து அம்மாவின் கலியாணக் கூறைச் சேலையை எடுத்தேன். சுமங்கலியாகப் போகிறவருக்கு அதுதான் முறை.

"கைம்பெண்ணுக்குக் கூறை போடுறதோ? வை அதை" என்றார் மாமி.

"அண்டைக்கு வெள்ளை உடுக்காதை எண்டு தடுத்தது நீங்கள்தானே, மாமி?"

மாமி கூறையை என் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

"அண்டைக்கு அவன் வருவான் எண்டு நம்பினனான்."

முற்றத்தில் நின்ற பெரியவர்கள் எல்லோரும் மாமி பக்கம். வெள்ளையே உடுத்தினார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் நான் குங்குமத்தை எடுத்துப் பொட்டு வைத்தேன். பெரிதாக. யாரோ தடுக்க வந்தார்கள். தங்கை குறுக்கே நின்றாள்.

அடுத்த நாள்தான் சந்தியில் மரண அறிவித்தலைப் பார்த்தேன். நான் வருவதற்கு முன்பே அச்சகத்துக்குக் கொடுத்து ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். நீதிமன்ற மதிலிலும் ஒன்று. அம்மாவின் படத்தில் பொட்டு இருக்கிறது. அதற்குக் கீழே, "காலஞ்சென்ற தவராசாவின் அன்பு மனைவி."

மறுத்துப் பேச வவுனியாவில் அம்மா இல்லை.