யார் முதலில் ஹலோ சொல்வது

தலைவர் மாளிகையின் பின்பக்கம், படிக்கட்டுக்கு அடியில் இருந்த சின்ன அறைதான் லைன் அக்காவின் ராஜ்ஜியம். ஒரு தொலைபேசிப் பலகை, ஒரு நாற்காலி, சுற்றுவதைவிட முனகுவது அதிகமான ஒரு மின்விசிறி. தலைவருக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை இணைத்துத் தருவது அவள் வேலை; அவளுடைய சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. வீட்டுக் கதவைத் தட்டினால்கூட "யார் பேசறது?" என்றுதான் கேட்பாள் என்று தம்பி கேலி செய்வான். அப்பா அம்மா போனபிறகு அவனை ஆளாக்கியவள் அவள்தான். தனக்கென்று கல்யாணம் காட்சி எதையும் நினைத்துப் பார்க்கவில்லை. அவன் இப்போது ஆற்றுப் பாலத்துச் சாவடியில் காவலர்.

அந்தப் பாலம்தான் வினை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தலைவர், அந்தப் பக்கம் ஒரு தலைவர். சாவடி யாருக்குச் சொந்தம் என்று தொடங்கிய வாய்ச்சண்டை பீரங்கி வரைக்கும் வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் காலி செய்யாவிட்டால் சுடுவோம் என்றது அக்கரை. ஓர் அடிகூட நகர மாட்டோம் என்றது இக்கரை. வீறாப்பு பேசியவர்கள் பத்திரமாக உட்கார்ந்திருந்தார்கள். சாவடியில் நின்றதெல்லாம் ஊரான் பெற்ற பிள்ளைகள்.

மத்தியானம் தம்பி கூப்பிட்டான். "அக்கா, பீரங்கியை எங்க பக்கம் திருப்பிட்டாங்க. நம்ம தலைவர் பேசிடுவார்ல?"

"பேசிடுவார்டா. நீ சாப்பிட்டியா?"

"தொண்டையில இறங்கலக்கா."

அவள் மறுபடியும் அக்கரை லைனைப் போட்டாள்.

பேசுவதற்கு இரண்டு தலைவர்களும் சம்மதித்துத்தான் இருந்தார்கள். ஆனால் பெரிய மனிதர்களின் கணக்கே வேறு. முதலில் லைனுக்கு வந்து காத்திருப்பவர் ஒரு படி கீழே. அதனால் "உங்க ஐயா வரட்டும், அப்புறம் எங்க ஐயாவைத் தரேன்" என்பார் அக்கரை ஆபரேட்டர். இவளும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், உத்தரவு அப்படி. மத்தியானம் முழுக்க இதே கூத்து. சன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

கடைசியில் அவளால் தாங்க முடியவில்லை. "அண்ணே, என் தம்பி அந்தப் பாலத்துல இருக்கான். ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லிடுவோமா?"

"வேலை போயிடும்மா" என்றார் அவர். பிறகு அவரே, "சரி, சொல்லு" என்றார்.

"அவர் லைன்ல காத்துட்டு இருக்கார் ஐயா" என்று இங்கே இவளும் அங்கே அவரும் சொன்னார்கள். இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் தொலைபேசியை எடுத்தார்கள்.

மூச்சு மட்டும் கேட்டது, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. காத்திருக்கிறவன்தானே முதலில் பேச வேண்டும் என்று இருவரும் வாயே திறக்கவில்லை. அட பாவிகளா, ஒரு ஹலோ சொன்னால் என்ன குறைந்துவிடும்? லைனில் ஆபரேட்டர் குரல் கேட்கக் கூடாது என்பது சட்டம். அவள் பயத்தில் சட்டத்தை மறந்தாள்.

"ஐயா, யாராவது பேசுங்கய்யா. பாலத்துல பிள்ளைங்க நிக்கிறாங்க."

"யார் அது?" என்றார்கள் இருவரும், சேர்ந்தாற்போல.

பேசிவிட்டார்கள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நீங்கதான் முதல்ல பேசினீங்க" என்றார் இக்கரைத் தலைவர்.

"நானா? நீங்கதான்."

அதன்பிறகு வேறு பேச்சே இல்லை. அந்தத் தகராறு முற்றி, இரண்டு பக்கமும் படாரென்று தொலைபேசியை வைத்தார்கள். அவள் பதறிப்போய்ச் சாவடியைக் கூப்பிட்டாள்.

"ஓடி வந்துடுடா."

"பேசிட்டாங்களாக்கா?"

"பேசிட்டாங்கடா. நீ வந்துடு."

"இவங்களை விட்டுட்டு எப்படிக்கா..."

சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லைனில் வெறும் இரைச்சல்.

செயலாளர் படியிறங்கி ஓடி வந்தார். "இங்க பாரு, ஐயா கேட்கச் சொன்னார். அந்தப் பக்கம்தான் முதல்ல பேசினாங்கன்னு நீ சாட்சி சொல்லணும். நல்லா யோசிச்சுச் சொல்லு, யார் முதல்ல பேசினது?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்து லைனின் பொத்தானை மறுபடியும் மறுபடியும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்றாள். "தம்பி பேசினா எனக்குக் கேக்கணும்."