சரிண்ணே

எண்பதுகளில் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில், ஒரு துப்பாக்கிக் கடையில் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. நான் யாழ்ப்பாணம். கூட வேலைசெய்த முருகேசன் மதுரைக்காரர். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது.

ஒருநாள் ஒரு மான் வேட்டைக்காரரின் ரைஃபிள் வந்தது. குண்டுகள் ஒரே இடத்தில் படவில்லையாம். மேலே பொருத்தியிருந்த ஸ்கோப்பின் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருந்தன. ஸ்கோப்பை நேராக்கி, ஸ்க்ரூக்களைக் கையால் மட்டும் திருகிவைத்தபோது கவுன்டரில் கூப்பிட்டார்கள். ரைஃபிளை முருகேசனிடம் விட்டுவிட்டுப் போனேன்.

அங்கிருந்து, இறுக்கியாயிற்றா என்று கேட்கும் எண்ணத்தில், "முருகேசன், ஸ்க்ரூ?" என்றேன்.

"சரிண்ணே!"

எங்கள் ஊரில் 'சோறு சரி' என்றால் வெந்துவிட்டது. அவரோ இனிமேல் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் ஒருமுறை திருகிப் பார்த்திருக்க வேண்டும். அவர் இறுக்குவதற்குள், பார்க்காமலே எடுத்து வேட்டைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அந்த மனிதர் கத்திக்கொண்டு வந்தார். வயிற்றில் சுடப்பட்ட மான் காட்டுக்குள் ஓடிவிட்டதாம். முதலாளி தொட்டதும் ஸ்கோப் ஆடியது. யார் வேலை என்று கேட்டார். நான் முருகேசனைக் காட்டினேன்.

முருகேசன் பதறினார். "அண்ணே, சரின்னா செய்யிறேன்னுதானே அர்த்தம்? சரின்னா முடிச்சிட்டேன்னா? நீங்களே சொல்லுங்கண்ணே!"

தமிழ் தெரியாத முதலாளி என் பக்கம் திரும்பினார். "என்ன, சாரி கேட்கிறானா?"

"யெஸ்" என்றேன்.

அன்றே முருகேசனை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சரிண்ணே."

அந்தமுறை அவர் அதை எங்கள் ஊர் அர்த்தத்தில்தான் சொன்னார்.