சுமையா இடித்த சுவர்

காலை ஆறரைக்குக் கல்முனையில் இறங்கினேன். மாத்தளையிலிருந்து இரவு முழுக்க உட்கார்ந்து வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. யுத்தம் முடிந்து சில மாதங்கள்தான். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தே ஏற்றினார்கள். சமாதானம் வந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் ஒரு தடவை இந்த பஸ்ஸில் வரவேண்டும்.

சாய்ந்தமருதுக்கு மூன்று கிலோமீற்றர். நான் அண்ணனாக அழைக்கும் அலியார் காக்கா தன் ஆட்டோவுடன் காத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று மனைவியைப் பறிகொடுத்தவர். என் பையை ஒற்றைக் கையால் தூக்கி உள்ளே போட்டார். நான் பார்க்க வந்தது அவருடைய தம்பி, எங்கள் வீட்டைக் கட்டிய மேசன் ஆதம்பாவாவை. அவருக்கு அறுபத்திரண்டு.

"எப்படி இருக்கிறார் காக்கா?"

"போய்ப் பாருங்க தம்பி. என்ட வாப்பா மாதிரி இரிக்கான். நானும் அழுத ஆள்தான். ஆனா விடிஞ்சா வண்டிய எடுத்திருவன், இல்லாட்டி மண்ட கொழம்பிரும். அவனுக்கு விடியிறதே இல்ல."

இந்தக் கரையில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். ஆதம்பாவா மூத்த பெண்கள் இருவருக்கும் கடலோரத்தில் தன் கையாலேயே கட்டினார். வீடுகளும் போயின, பெண்களும் போனார்கள். மிஞ்சியவள் கடைக்குட்டி சுமையா. அவளுக்குக் கட்டக் கல் பார்த்துக்கொண்டிருந்தபோது நிவாரண வீடு கிடைத்தது, சாவியோடு. இனி உங்களுக்கென்ன குறை, கால் நீட்டி இருங்கள் என்று ஊரே வந்து சொன்னது. மனிதர் அப்படியே செய்தார். நீட்டிய காலை இன்னும் மடக்கவில்லை.

வாசலில் சலாம் சொன்னேன். கட்டிலில் கிடந்த கிழவர் என்னைப் பார்த்தார். அவர்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

சுமையா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். சமைக்கும் குசினியின் சுவர் பாதி இடிந்து கிடந்தது. சாக்குக்குக் கீழே அலவாங்குக் கடப்பாரை.

"நான்தான் இடிச்ச, சாச்சா. வாப்பாக்கிட்ட விழுந்துட்டெண்டு சொல்லப் போறன். ஒழும்பிக் கட்டினாரெண்டா மனிசனாகிருவார்."

"பெண் கேட்டு வருகிற மாப்பிள்ளை வீட்டார் இதைப் பார்த்தால்?"

"பாக்கட்டும். வேற வீட்டுப் பொண்ணெண்டாலும் எடுக்கட்டும். எனக்கு வாப்பா வேணும்."

பகல் தொழுகைக்குப் பிறகு, சுவர் விழுந்துவிட்டது என்று சொல்லி அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தோம். சுவரின் முன்னால் நின்றார். உடைந்த விளிம்பில் விரலை ஓட்டினார். கீழே கிடந்த கல்லொன்றைக் காலால் புரட்டினார்.

"சீமெந்து காணாது, மணல்தான் கூட."

சுமையா என் சட்டைக்கையைப் பற்றிக்கொண்டாள். நானும் நம்பிவிட்டேன்.

"நல்ல மேசனொருத்தனாப் பார்த்துக் கூப்பிடு புள்ள" என்றார். சொல்லிவிட்டுக் கட்டிலுக்கே திரும்பிப் போனார்.

மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டேன். மாத்தளையில் என் வாப்பா எண்பது வயதிலும் கடைக்குப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறார். வீட்டில் இருங்கள் என்று நாங்கள்தான் தினமும் சண்டை பிடிக்கிறோம். இனி அந்தச் சண்டையில் நான் வாப்பா பக்கம்.

படலைக் கதவுவரை வந்த சுமையாவிடம், "பொறுமையாக இரு மகள்" என்றேன். எனக்கே அது வெறும் வாய்வார்த்தையாகப் பட்டது.

"நாளைக்கு அறைச் சுவர இடிக்கிறன் சாச்சா" என்றாள்.