இரண்டு காலுக்கும் ஒரு பந்து

என் மேசையில் ஒரு பழைய டெனிஸ் பந்து இருக்கிறது. மஞ்சள் எப்போதோ போய்விட்டது. மேலிருந்த பஞ்சு தேய்ந்து ஒரு பக்கம் ரப்பர் தெரிகிறது. சிகிச்சைக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்து, நாய் கடித்ததா என்று கேட்பார்கள். என் அண்ணன் மனைவி காலால் அமத்தித் தேய்த்த பந்து என்றால் யாரும் நம்புவதில்லை.

அவள் என்னோடு ஒரே வகுப்பில் படித்து, பிறகு எனக்கு மச்சாளானவள். நெடுந்தூரம் ஓடுகிறவள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அவள் ஓட்டத்தை விடவில்லை. கல்லடிக் கடற்கரையில் விடியற்காலையில் கரைவலை இழுக்கிறவர்களின் கயிற்றைத் தாண்டிக்கொண்டு ஓடுவாள். அவர்கள் ஏசினால் இவளும் திருப்பி ஏசிவிட்டுத்தான் போவாள். அண்ணன் ஓட்டோ வைத்திருக்கிறான். களுதாவளையில் தொடங்கி நகரத்தில் முடியும் ஓட்டத்தில் அவள் முதல்முறை ஓடியபோது, கல்லடிப் பாலத்தடிக்கு வரும்போதே இடது கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியவில்லை. அண்ணன்தான் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் அவள் அழுததை அவனால் தாங்க முடியவில்லை. இன்னொருமுறை இப்படி ஏற்றிவர நேர்ந்தால் ஓட்டத்தை அதோடு விட்டுவிட வேண்டும் என்றான். அவளும் ஒரு வீம்பில் ஓம் என்றுவிட்டாள். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளில்லை அவள். எனக்கு அதுதான் பயம்.

நான் பிசியோதெரபிஸ்ட். அவளுடைய இரண்டு கெண்டைக்காலிலும் தசைக்குள் கடலை அளவில் முடிச்சுகள் இருந்தன. விரலால் அமத்தினால் வலி குதிகால்வரை இறங்கியது. மெத்தென்ற மணல் காலுக்கு நல்லது என்று நம்பி இத்தனை நாளும் மணலிலேயே ஓடியிருக்கிறாள். குதி புதைகிற மணலில் ஒவ்வோர் அடியையும் கெண்டைக்கால்தானே தூக்கியாக வேண்டும்? அவளைத் தார் வீதிக்கு மாற்றினேன். படியில் நின்று குதியை மெல்ல இறக்கி ஏற்றும் பயிற்சியும் கொடுத்தேன். அடுத்தது முடிச்சைத் தளர்த்தும் வேலை. மருந்தில்லாத மெல்லிய ஊசியை முடிச்சில் குத்தி எடுப்பது ஒரு முறை. பந்தைக் கெண்டைக்காலுக்கடியில் வைத்து வலி தணியும்வரை அமத்துவது இன்னொன்று. எது நல்லது என்று எங்கள் தொழிலில் ஓயாத வாக்குவாதம். ஒரே ஆளுக்கு இரண்டு காலிலும் முடிச்சு, விடுவேனா நான்? வலது காலுக்கு ஊசி, இடது காலுக்குப் பந்து என்று பிரித்தேன். ஒன்றின் வைத்தியம் மற்றதுக்குப் போகவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

வாரங்கள் போக, வலது கால் முந்தியது. ஊசி வென்றது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பின்னேரம் சொல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மச்சாள் தரையில் காலை நீட்டிக்கொண்டு, பந்தை வலது காலுக்கடியில் வைத்து அமத்திக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னகா செய்யிறாய்? அது ஊசிக் காலெல்லா?"

"ரெண்டும் என்ட கால்தானே மச்சாள். ஒண்டப் பாத்து மற்றத விட்டா அது கோவிக்கும்."

எண்ணெய் தேய்த்தாலும் மருதோன்றி போட்டாலும் ஒரு காலோடு எழும்புகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. தொடங்கிய நாளிலிருந்தே இரண்டு காலுக்கும் பந்து வைத்திருக்கிறாள்! என் ஒப்பீடு தண்ணீரில் போனது. ஏசித் தீர்த்துவிட்டு, மிஞ்சியிருந்த நாட்களில் இடது காலுக்கும் ஊசி போட்டேன். ஆனாலும் அது கொஞ்சம் பின்தங்கியே இருந்தது.

அதே ஓட்டம் மறுபடி வந்த நாளில் நானும் அண்ணனும் அதே பாலத்தடியில் நின்றோம். அண்ணன் பின்சீற்றில் பாய் விரித்து வைத்திருந்தான். அந்தப் பாயைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல். பெண்களில் மூன்றாவதாக வந்த மச்சாள், எங்களுக்கு நேரே வந்ததும் இடது காலை இழுத்தாள். நொண்டி நொண்டி வந்து ஓட்டோவுக்குப் பக்கத்தில் வீதியோரக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். எனக்கு உயிர் போய் வந்தது. அண்ணன் குனிந்து ஸ்டார்ட் செய்யப் போனான்.

"எஞ்சினப் போடாதீங்க," என்றாள்.

இடுப்புப் பையிலிருந்து பந்தை எடுத்து இடது காலுக்கடியில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அமத்தினாள். அதற்குள் இருவர் அவளைத் தாண்டிப் போனார்கள். போதும், எழும்பு என்று கத்தினேன். அவளோ சாவகாசமாக வலது காலை நீட்டிப் பந்தை அதற்குக் கீழே வைத்தாள்! இன்னொருத்தியும் தாண்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு எழுந்தாள். ஓடினாள்! அண்ணன் ஓட்டோவை அப்படியே விட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாவிக் காற்றில் கூவியபடி அவளுக்குப் பின்னால் பாலத்தில் ஓடினான். தாண்டிய மூவரையும் அவள் பாலத்திலேயே பிடித்தாள். முன்னால் போன இருவரில் ஒருத்தியை நகரத்துக்குள் பிடித்தாள். இரண்டாவதாக, தன் சொந்தக் காலில், சிரித்துக்கொண்டு முடிவுக் கோட்டைத் தாண்டினாள்.

நான் ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஓட்டம் முடியும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வீதியோரத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். பாய் வீணாகவில்லை, அவனை அதில் ஏற்றினோம். மச்சாள் பதக்கத்தோடு அவன் பக்கத்தில் ஏறி, பந்தை எடுத்து அவனுடைய காலில் வைத்து அமத்தினாள். அவன் அலறினான்.

"மற்றக் காலையும் நீட்டுங்க," என்றாள்.

அந்தப் பந்தைத்தான் அன்றைக்கு அவளிடமிருந்து பறித்துக்கொண்டேன். அவள் புதுப் பந்தோடு இன்றும் ஓடுகிறாள்; அண்ணன் பாலத்தடியில் நின்று கைதட்டுவதோடு சரி. ஊசியா பந்தா என்று கேட்கிறவர்களுக்கு, இரண்டும் முடிச்சைத் தணிக்கும், குதிப் பயிற்சிதான் காலைக் காக்கும் என்கிறேன். சொல்லிக்கொண்டே இந்தப் பழைய பந்தை எடுத்து நோகிற காலுக்கு வைக்கிறேன். அது முடிந்து அவர்கள் எழும்பப் பார்க்கும்போது, என்னை அறியாமலே வாய் திறக்கிறது: "மற்றக் காலையும் நீட்டுங்க."